பறையன் என்ற அழைப்பிலிருந்து ஆசான் என்ற அழைப்புக்கு



ஆத்தூரில் இந்த நினைவுச் சொற்பொழிவுக்காகக் கூடியிருக்கும் நம்மில் பலருக்கும் பறையொலி முதன்முதலில் காதில் விழுந்தது ஒரு சாவு வீட்டு வாசலில்தான். வைக்கோலைக் கொளுத்தி, அந்தச் சூட்டில் தோலைக் காய்ச்சி விறைப்பேற்றி அடித்தவர் நம் தாத்தாவாகவோ பெரியப்பாவாகவோ இருந்தார். அடித்து முடித்தபின் எட்டி நின்று கூலி வாங்கினார். அவரை யாரும் கலைஞர் என்று சொல்லவில்லை. பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை. சாதியைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். இன்று அதே கருவியைக் கற்றுத் தருபவரை ஆசான் என்கிறோம். இந்த இரண்டு அழைப்புகளுக்கும் இடையில் உள்ள வரலாற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

பறை எப்போதும் இழிவின் கருவியாக இருந்ததில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்க்கிறது. புறநானூற்றில் பறையன் என்ற சொல் துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு சேர்ந்து ஒரு குடியின் பெயராக வருகிறது. பின்னர் சாதி இறுகியது. கருவி அடிமை ஊழியத்தின் அடையாளமானது. அந்தப் பெயர் 'பறையா' என்று ஐரோப்பிய மொழிகளுக்குள் போய், உலகெங்கும் ஒதுக்கப்பட்டவரைக் குறிக்கும் சொல்லாகவே நிலைத்துவிட்டது. ஒரு இசைக்கருவியின் பெயர் உலகத்தின் வசைச்சொல்லான கதை இது.

ஆகவே, பறையைத் தூக்கி எறிந்த நம் முன்னோரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. 1927இல் மகாத் மாநாட்டில் செத்த மாட்டின் இறைச்சியை விடுங்கள், இழிவான வேலைகளை விடுங்கள் என்று அம்பேத்கர் கேட்டுக்கொண்டார். தமிழகச் சேரிகளிலும் 'இனி சாவுக்கு அடிக்க மாட்டோம்' என்று எழுந்தவர்கள் உண்டு. அப்படிச் சொன்னதற்காக அடி வாங்கினார்கள், வயல் வேலையை இழந்தார்கள். அவர்கள் இசையை மறுக்கவில்லை, கட்டாயத்தை மறுத்தார்கள். இந்த வேறுபாட்டை மாணவத் தோழர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டிய ஆண்டுகளில் இன்னொரு குரல் எழுந்தது. நம்மீது திணித்த கருவியை நாமே நம் கையில் எடுத்து, நாம் சொல்லும் இடத்தில், நாம் சொல்லும் விலைக்கு, நம் அரசியலுக்காக அடிப்போம் என்றது அது. அந்தக் குரலுக்கு உரியவர்களில் இருவர் கலைஞர்கள் மட்டுமல்ல, ஆசிரியர்களும்கூட.

ஒருவர் சிவகங்கைச் சீமையின் மாரந்தையில் 1955இல் பிறந்த கே. ஏ. குணசேகரன். 'தன்னானே' கலைக்குழுவோடு ஊர் ஊராகப் பாடினார். 'பலி ஆடுகள்' நாடகத்தால் தலித் அரங்குக்கு வழி திறந்தார். 'வடு' என்று தன் வரலாற்றை எழுதினார். புதுச்சேரிப் பல்கலைக்கழக நாடகத்துறையில் பேராசிரியராக இருந்து, சேரியின் பாட்டைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுபோனார். 2016இல் மறைந்தார்.

மற்றவர் 'பரட்டை' என்று தன்னை அழைத்துக்கொண்ட தியாபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இசை கற்பித்தார். கர்நாடக இசையும் மேற்கத்திய இசையும் ஆண்ட தேவாலயத்துக்குள் கிராமத்து மெட்டைக் கொண்டுவந்தார். எல்லோரும் ஒரே உலையில் பொங்கி உண்பதே சமத்துவம் என்று பாடமாகச் சொன்னார்.

இதே காலத்தில், 1990ஐ ஒட்டி, நம் திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திராவின் முயற்சியால் சக்தி கலைக்குழு உருவானது. படிப்பைப் பாதியில் விட்ட, பெரும்பாலும் தலித் குடும்பங்களைச் சேர்ந்த இளம்பெண்கள் அங்கே தங்கிப் படித்தார்கள். பறையும் ஆட்டங்களும் கற்றார்கள். பறை ஆண்களின் கையில் மட்டுமே இருந்த கருவி. பெண் அதைத் தோளில் மாட்டினால் சாதி விதியும் உடைகிறது, வீட்டுக்குள்ளிருக்கும் ஆண் விதியும் உடைகிறது. குனிந்து நடக்கச் சொல்லி வளர்க்கப்பட்ட பெண், அடவு போட்டு நிமிர்ந்து, பார்ப்பவர் கண்ணை நேராகப் பார்த்து அடிக்கிறாள். அமெரிக்க இசை ஆய்வாளர் சோயி ஷெரினியன் இக்குழுவைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார்.

பக்கத்து அலங்காநல்லூரின் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பறையடிப்பவர் என்று ஒதுக்கப்பட்ட ஒருவர் பறைக்காகவே நாட்டின் விருதைப் பெற்றதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் விருதைவிடப் பெரியது 'ஆசான்' என்ற சொல். மரபாக அடித்தவருக்கு ஊர் கொடுத்தது வேலை. அதில் மறுக்கும் உரிமை இல்லை. கற்பிப்பவர் தன் அறிவுக்குத் தானே உரிமையாளர். யாருக்கு, எப்படி, எந்த மரியாதையோடு கற்றுத் தருவது என்பதை அவரே தீர்மானிக்கிறார். அடிமை ஊழியம் அழைப்பாக மாறும் இடம் இதுதான்.

இங்கே இரண்டு கேள்விகளை உங்கள் முன் வைக்கிறோம். இன்று நகரத்துப் பட்டறைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பணம் கட்டிப் பறை பழகுகிறார்கள். பழகட்டும், வரவேற்போம். ஆனால் சனிக்கிழமை பட்டறையில் பறை கலையாகவும், ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சாவில் அதே பறை ஒரு சாதியின் கடமையாகவும் இருந்தால், மீட்கப்பட்டது கருவி மட்டுமே, மனிதர் அல்ல. இரண்டாவது, ஐம்பது ஆண்டு அடித்த முதியவருக்குச் சான்றிதழ் இல்லை என்பதற்காகக் கல்லூரியின் ஆசிரியர் நாற்காலி மறுக்கப்படுமானால், அவருடைய அடவைப் பாடமாக்குவது எந்த வகையில் நியாயம்?

செய்யக்கூடியவை நம் கையில் இருக்கின்றன. கட்டாய வேலையை அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்கிறது. பட்டியல் சாதியினரைக் கட்டாய வேலை செய்ய வைப்பது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அடிக்க மறுப்பவரை மிரட்டும் ஊரில் இந்தச் சட்டத்தோடு அவர் பக்கம் நிற்போம். மாணவர்கள் தங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் போய் அமர்ந்து, அடிகளின் பெயர்களையும், பறை செய்யும் முறையையும் அவர்கள் பெயரோடு பதிவு செய்யுங்கள். ஆய்வேட்டில் அவர்களைத் 'தகவலாளர்' என்று எழுதாதீர்கள். ஆசான் என்று எழுதுங்கள்.

பறையைக் கீழே வைத்தவரும் நம்மவர். தூக்கித் தோளில் மாட்டியவரும் நம்மவர். வைப்பதா எடுப்பதா என்பதை ஊர் தீர்மானித்த காலம் முடிய வேண்டும்; அதை அந்தக் கைகளே தீர்மானிக்கட்டும்.

ஜெய்பீம்.