வீட்டுக் கடனும் தகுதி விதியும்: அமெரிக்க நாட்டுப்புறத்தின் ஒரு வரலாற்றுப் பாடம்

அரசொன்று இயற்றும் நலச்சட்டத்தின் உண்மையான இயல்பை அதன் முகவுரையிற் காணவியலாது. பயன்பெறத் தகுதியுடையோர் யாவர் என வரையறுக்கும் விதிகளிலேயே அது வெளிப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் கிராமிய வீட்டுக் கடன் திட்டத்தின் வரலாற்றை இந்நோக்கில் நாம் ஆராய்வோம்.

1934 இல் நிறுவப்பட்ட கூட்டாட்சி வீடமைப்பு நிருவாகம் தனியார் வழங்கும் ஈட்டுக் கடனுக்குக் காப்புறுதி அளித்தது. அதன் பயன் பெரும்பாலும் நகரையும் புறநகரையுமே சென்றடைந்தது. கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை ஆபத்தானவை என அதன் மதிப்பீட்டு விதிகளே ஒதுக்கின. கிராமத்துக்கென வேறொரு வழி 1949 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தினால் திறக்கப்பட்டது. அதன் ஐந்தாம் பகுதி, 1946 இல் உருவாகிய விவசாயிகள் வீட்டு நிருவாகம் நேரடியாகவே கடன் வழங்க வகைசெய்தது.

ஒவ்வோர் அமெரிக்கக் குடும்பத்துக்கும் தகுந்த வீடு என்பது அச்சட்டம் அறிவித்த இலக்கு. ஆனால் ஐந்தாம் பகுதியின் வீட்டுக் கடனைப் பெற விண்ணப்பதாரர் பண்ணைக் காணியொன்றின் சொந்தக்காரராக இருத்தல் வேண்டும். அக்காணியும் 1944 ஆம் ஆண்டு விலைமட்டத்தில் வருடம் 400 டொலர் பெறுமதியான விளைபொருளையேனும் தரவல்லதாக இருத்தல் வேண்டும். விண்ணப்பதாரரின் தகுதியைப் பரிசீலித்துச் சான்றளிக்கும் பொறுப்பு, கவுண்டி எனப்படும் ஆட்சிப்பிரிவு தோறும் அமைந்த குழுக்களிடம் விடப்பட்டது. ஆகவே வீட்டுரிமைக்கு நிலவுடைமை முன்நிபந்தனையாயிற்று. அந்நிபந்தனை நிறைவேறியதா என்பதைத் தீர்மானிப்போரும் பெரும்பாலும் அவ்வூர் விவசாயிகளாகவே இருந்தனர்.

இவ்வமைப்பின் விளைவை விளங்கிக்கொள்ள அலபாமா மாநிலத்தின் லவுண்ட்ஸ் கவுண்டி தக்க உதாரணமாகும். 1960களில் அங்கு வாழ்ந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் கறுப்பினத்தவர். அவர்களுட் பலர் வெள்ளை நிலக்கிழாரின் காணியில் வாரக்குடிகளாக உழைத்தோர். 1965 இன் தொடக்கத்தில் அவர்களில் ஒருவரேனும் வாக்காளராகப் பதியப்பட்டிருக்கவில்லை. பதிவு செய்ய முனைந்த குடும்பங்கள் குடியிருப்புகளினின்றும் வெளியேற்றப்பட்டன. அவர்களுக்கென அவ்வாண்டு டிசம்பரில் 80 ஆம் இலக்க நெடுஞ்சாலையோரம் கூடாரக் குடியிருப்பொன்று எழுந்தது. காணியற்ற வாரக்குடிக்கு 1949 ஆம் ஆண்டுச் சட்டம் அளித்தது யாது? நேரடியாக ஒன்றுமில்லை என்பதே விடை. காணி உடைய கறுப்பின விவசாயியுங்கூட விவசாயத் திணைக்களத்தின் கடன் திட்டங்களிற் சமமாக நடத்தப்படவில்லை என்பதைக் குடியுரிமைகள் ஆணைக்குழு 1965 இல் வெளியிட்ட அறிக்கை நிறுவியது.

போராட்டங்களின் காலத்திலே விதிகளும் தளர்ந்தன. 1961 இல் பண்ணை சாராக் கிராமவாசிகளும் தகுதி பெற்றனர். 1968 இல் வறியோருக்கான வட்டி 1 வீதம் வரை குறைக்கப்பட வழி பிறந்தது. கிராமம் என்பதற்கான சனத்தொகை வரம்பு 1965 இல் 5,500 ஆகவும், 1970 இல் 10,000 ஆகவும், 1974 இல் சில நிபந்தனைகளுடன் 20,000 ஆகவும் உயர்ந்தது.

எனினும் 1990 ஆம் ஆண்டுச் சட்டம் திசையை மாற்றியது. நேரடிக் கடன் ஒழியவில்லை. ஆயின் தனியார் வங்கி வழங்கும் கடனின் 90 வீதம் வரை அரசு உத்தரவாதமளிக்கும் முறை அதனருகே வளர்ந்து அதனை விஞ்சியது. முற்பணம் தேவையில்லை. வருமான வரம்பு பிரதேச இடைநிலை வருமானத்தின் 115 வீதமென வகுக்கப்பட்டது. நடுத்தர வருமானத்தினர் பலர் இதனால் வீடு பெற்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் உத்தரவாதம் காப்பது கடன் கொடுப்போரின் நட்டத்தையே என்பதை நாம் மறத்தலாகாது. வீடற்றவர் முதலில் வங்கியின் கண்ணில் நம்பத்தக்கவராதல் வேண்டும்.

இங்கே வேறொரு தடையும் எழுகின்றது. மரணசாசனமின்றி இறந்த மூதாதையரின் காணி தலைமுறை தலைமுறையாகப் பிரிக்கப்படாமலே வாரிசுகளுக்குச் சேர்வது தென்மாநிலக் கறுப்பினத்தாரிடைப் பெருவழக்கு. பிரியாத முதுசக் காணியின் சிக்கலை அறிந்த நம்மவருக்கு இது புதிதன்று. தெளிந்த உறுதி இல்லாத நிலம் ஈடாகாது, ஈடின்றேற் கடனில்லை. கூட்டுரிமையாளர் ஒருவரின் வழக்கினால் முழுக் காணியும் ஏலம்போவதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை அலபாமா 2014 இலேயே ஏற்றது. மேலும், லவுண்ட்சின் களிமண் நிலத்தில் சாதாரண மலக்குழிகள் செயற்படுவதில்லை. தகுந்த கழிவகற்றலுக்கான செலவோ வறியோரால் தாங்கவொண்ணாதது. முறையான கழிவகற்றல் வசதியற்ற வீடு கடனுக்குரிய தரத்தை எட்டுவதுமில்லை.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு ஒன்றுண்டு. 1949 இல் நிலவுடைமையாக நின்ற தடை, பின்னர் உறுதியாகவும் வங்கியின் நம்பிக்கையாகவும் உருமாறியதேயன்றி மறையவில்லை. வருமான வரம்பை உயர்த்துவதும் வரைபடத்தில் கிராமத்தின் எல்லையை விரிப்பதும் பயனுள்ள சீர்திருத்தங்களே. ஆனால் நிலத்தின் மீதான உரிமை தீர்க்கப்படாதவரை, தகுதி விதியானது கடந்தகால அநீதியை நிகழ்காலத்தின் சட்டமொழியில் மீண்டும் எழுதிக்கொண்டேயிருக்கும்.