பிடி சூழ்ந்த எல்லை

தைப்பூசத்தை ஒட்டிக் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்கு வெள்ளித்தேர் செல்கின்றது. அதனைக் காண்போர், உலா என்பது திருவிழாவின் ஓர் உறுப்பே என்று கருதுவர். ஆயின், திருவிழாத் தொடங்குமுன்பே ஓர் உலா உண்டு. பள்ளிக்குரிய நிலத்தைப் பிரித்துக்காட்டியது அவ்வுலாவே. இதனை விளக்கும் சான்று கெடாவோடும் தொடர்புடையது.

கெடாவைப் பழந்தமிழர் கடாரம் என்றனர் என்பது அறிஞர் பலரின் துணிபு. கடாரத்தரசன் சூளாமணிவர்மன் பெயரால் அவன் மைந்தன் மாறவிசயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் பௌத்தப் பள்ளியொன்றை எடுப்பித்தான். சிவநெறிச் செல்வனாகிய முதலாம் இராசராசன், தன் 21ஆம் ஆட்சியாண்டில் (ஏறத்தாழ கி.பி. 1006), ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்குப் பள்ளிச்சந்தமாக அளித்தான். அவன் மைந்தன் இராசேந்திரன் அவ்வறத்தைச் செப்பேட்டில் நிலைபெறச் செய்தான். ஹாலந்து நாட்டு லெய்டனில் நெடுங்காலம் இருந்தமையின், இவை லெய்டன் பெரிய செப்பேடுகள் எனப்படும், ஏடுகள் 21.

ஆனைமங்கலத்தின் நாற்புற எல்லையும் பெண்யானை ஒன்று வலம்வந்ததனால் தெளிவாக்கப்பட்டன என்று அச்செப்பேடு கூறுகின்றது. 'பிடி சூழ்தல்' என்பது இதுவே. யானை நடந்த வழியில் கல்லும் கள்ளியும் நடுதல் சோழர்கால வழக்கு. இது வெறும் நில அளவை அன்று. ஊரார் கண்காண யானை சுற்றிவந்தபின், ஆண்டுதோறும் விளையும் நெல் பள்ளிக்கே உரியது என்பதற்கு அவ்வூராரே சான்றாயினர். ஏட்டிலுள்ள எழுத்துக்கு அவர்தம் நினைவு துணைநின்றது.

பள்ளியினுள்ளும் உலா உண்டு. 1856 முதல் நாகையில் நூற்றுக்கணக்கான பௌத்தச் செப்புத்திருமேனிகள் கிடைத்தன. அவ்வூர்ப் புத்தர் படிமம் ஒன்றின் பீடத்திலுள்ள தமிழ் எழுத்து, திருவுற்சவத்தில் எழுந்தருளுதற்கென அது செய்விக்கப்பட்டதைத் தெரிவிக்கின்றது. அதில் புத்தர் 'ஆழ்வார்' எனப்படுகின்றார். பள்ளி 'இராசேந்திர சோழப் பெரும்பள்ளி' எனப்படுகின்றது. வைணவ அடியாரையே குறிப்பதாக இன்று நாம் கொள்ளும் சொல், அன்று புத்தருக்கும் உரியதாயிருந்தமை தமிழாசிரியர் உளங்கொளத் தக்கது.

இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மேற் படை செலுத்தினான். ஆயினும் பள்ளிக்குரிய அறம் அழியவில்லை. 1090ஆம் ஆண்டளவில் கடாரத்தரசன் தூதர் வேண்ட, முதற் குலோத்துங்கன் பள்ளிச்சந்த ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்ததை லெய்டன் சிறிய செப்பேடுகள் உரைக்கின்றன.

நாகையில் எஞ்சிநின்ற பழைய கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. கட்டடம் போயிற்று; அன்று பிடி நடந்த எல்லை செப்பேட்டில் இன்றும் உளது.