வாரோசு: கற்பூரக் கரையில் ஒரு தமிழ்ப் பட்டினம்

லோஹேகாவ் கடைத்தெருவில் எந்த மளிகைக் கடைக்குப் போய்க் கற்பூரம் கேட்டாலும் கடைக்காரர் திருப்பி ஒரு கேள்வி கேட்பார்: "சாதா காபூரா, பீம்சேனியா?" சாதா என்பது நம்ம ஊர்ச் சூடம். வில்லை வில்லையாக, மலிவாக இருக்கும். பீம்சேனி என்பது பளிங்குத் துண்டுகள் மாதிரி ஒழுங்கில்லாமல் இருக்கும், விலையும் கூட. மராட்டிய வீடுகளில் விசேஷ நாள்களுக்கு அதைத்தான் வாங்குவார்கள். ஊரிலிருந்து வந்த புதிதில் நம்மில் பலர் இதைப் பார்த்து, "இது என்னடா புதுசா?" என்று நினைத்திருப்போம்.

புதுசு இல்லை. வடநாட்டில் பீம்சேனி என்று பெயர் பெற்ற அந்தச் சரக்கு பழைய நாளில் சுமத்திரா தீவின் மேற்குக் கரையில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து வந்தது. அந்த ஊரின் பெயர் பாரூஸ். இந்தியச் சந்தையில் அதே சரக்குக்கு 'பராஸ் கபூர்' என்றும் ஒரு பெயர் உண்டு. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் கற்பூர வகைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிற இடத்தில் வாரோசு என்று ஒன்றைச் சொல்கிறார். சூடன், சீனச்சூடன் ஆகியவையும் அதே வரிசையில் வருகின்றன. அந்த வாரோசு இந்த பாரூஸ்தான். (இன்று கடையில் பீம்சேனி என்ற பெயரில் விற்பதெல்லாம் அந்த மரத்துச் சரக்கு என்று நம்பி ஏமாற வேண்டாம். பெயர் மட்டும்தான் மிச்சம்.)

அந்தக் கரையில் தமிழர்கள் குடியிருந்து, தமிழில் கல் வெட்டி நட்டு, கப்பல்காரர்களுக்கு விதி வகுத்தார்கள் என்பது நம் குடும்பங்களில் அதிகம் பேசப்படாத செய்தி. ராஜேந்திர சோழன் கடாரம் வென்றதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லும். பாரூஸ் கல்லை நட்டது அரசன் இல்லை. அதனாலேயே அது கொஞ்சம் பின்தங்கிவிட்டது போலும்.

முதலில் ஊர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். சுமத்திராவின் மேற்குக் கடற்கரை இந்துமாக்கடலைப் பார்த்து நீளமாகக் கிடக்கிறது. அதன் நடுப்பகுதி மினாங்கபாவ் மக்களின் நாடு. பாடாங், பரியாமான் முதலிய துறைமுகங்கள் அங்கே. சொத்தும் குலமும் தாய்வழி இறங்குவது மினாங்கபாவ் முறை, நம்ம பக்கத்து மலையாள நாட்டு மருமக்கத்தாயம் மாதிரி. இளைஞர்கள் ஊரை விட்டு வெளியே போய்ப் பிழைத்துப் பேரெடுத்து வரவேண்டும் என்பதும் அவர்கள் வழக்கம். 'மெராந்தாவ்' என்று அதற்குப் பெயர். இந்தோனேசியாவில் எந்த ஊருக்குப் போனாலும் பாடாங் சாப்பாட்டுக் கடை ஒன்று இருக்கும், இந்தியாவில் எங்கே போனாலும் இட்லி தோசைக் கடை இருக்கிற மாதிரி. அந்தக் கரையில் வடக்கே போனால், மினாங்கபாவ் செல்வாக்கு முடிந்து பத்தாக் மக்களின் மலைநாடு தொடங்கும் இடத்தில் பாரூஸ் இருக்கிறது. இன்றைய ஆட்சிப் பிரிவின்படி வட சுமத்திரா மாநிலம், மத்திய தபானூலி மாவட்டம். சிபோல்கா துறைமுகத்திலிருந்து வடமேற்கே 60 கிலோமீட்டருக்கு மேல். அங்குள்ள கரையோர மக்கள் பேசும் மொழி மினாங்கபாவுக்கு நெருக்கமானது.

பாரூஸ் ஊரை ஒட்டியுள்ள சிறு கிராமம் லோபு துவா. லோபு என்றால் பத்தாக் மொழியில் கைவிடப்பட்ட பழைய குடியிருப்பு. நம்ம ஊரில் 'பாழூர்', 'நத்தமேடு' என்கிறோமே, அந்த மாதிரி. பழைய மண்கோட்டையின் வரம்பு அங்கே எஞ்சியிருக்கிறது.

அங்கேதான் 1873இல், டச்சுக்காரர் ஆட்சியில், எழுத்துள்ள ஒரு கல்தூண் துண்டு வெளியுலகுக்குத் தெரியவந்தது. எழுத்தும் மொழியும் தமிழ். 1932இல் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி, டச்சு அறிஞர்களின் ஆய்விதழ் ஒன்றில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். சுமத்திராவில் ஒரு தமிழ் வணிகக் குழு இருந்தது என்பது அதன்பிறகே அறிஞர் உலகில் பரவலாகப் பேசப்பட்டது. பிறகு நெடுங்காலம் கழித்துக் கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலு கல்லின் வாசகத்தைப் புதிதாகப் படித்து, 1998இல் வெளியான பாரூஸ் ஆய்வு நூலில் பதிப்பித்தார். சாஸ்திரியார் காலத்தில் புரியாமல் இருந்த பல இடங்கள் அப்போது தெளிந்தன.

கல் என்ன சொல்கிறது? சக ஆண்டு 1010, மாசித் திங்கள். கிறிஸ்து ஆண்டுக்கணக்கில் 1088. பேசுகிறவர்கள் திசையாயிரத்து ஐந்நூற்றுவர். பேசும் இடம் வாரோசு. அதற்கு அவர்களே வைத்திருக்கும் நீண்ட பெயரின் முடிவில் 'தேசி உய்யக்கொண்ட பட்டினம்' என்று வருகிறது. அதன் துறையில் அவர்கள் கூடியிருக்கிறார்கள். 'நம் மகனார்' என்று உறவு சொல்லி நகர சேனாபதி நாட்டுச் செட்டியாரைக் குறிப்பிடுகிறார்கள். தேசி அப்பர் என்பாரும், யானைப்பாகர்கள் எனக் கருதத்தக்க மாவெத்துகளும் உடன் வருகிறார்கள். விதி இதுதான்: வந்து சேரும் மரக்கலத்தின் நாயனும், கேவிகள் எனப்படுவோரும், கஸ்தூரி விலையை அளவாக வைத்துப் பொன்னாக ஆயம் செலுத்திவிட்டு, அதன் பிறகே பாவாடை மிதிக்க வேண்டும். இப்படித் தீர்மானித்துக் கல் எழுதி நட்டோம் என்று சொல்லி, அறத்தை மறக்க வேண்டாம் என்று முடிக்கிறார்கள்.

பாவாடை என்றதும் இப்போது சிரிப்பு வரும். அந்தக் காலத்தில் பரப்பி விரித்த துணிக்கு அது பெயர். பெரியவர்கள் நடந்துவர விரிக்கும் நிலப்பாவாடை நமக்குத் தெரிந்ததுதான். துறையில் இறங்கிய வணிகரை மரியாதையோடு ஊருக்குள் அழைக்கும் சடங்காக இருக்கலாம், அல்லது துணி விரித்து அதன்மேல் நடந்த பேரத்தைக் குறிக்கலாம். எதுவானாலும் பொருள் ஒன்று: முதலில் வரி, பிறகு வியாபாரம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1088இல் சோழ நாட்டில் ஆண்டவன் முதலாம் குலோத்துங்கன். சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் பெற்றவன் அவன். அரசன் ஊரில் சுங்கத்தை நீக்கிப் புகழ் தேடிக்கொண்டிருந்த அதே காலத்தில், அவன் நாட்டு மொழி பேசிய வணிகர்கள் கடலுக்கு அப்பால் தாங்களே ஆயம் விதித்து வசூல் செய்துகொண்டிருந்தார்கள்! கல்லில் அரசன் பெயர் இல்லை. ஆட்சியாண்டு குறிப்பதற்குப் பதில் சக ஆண்டு கொடுத்திருக்கிறார்கள். இதை நாம் கவனிக்க வேண்டும். ராஜேந்திரனின் கடற்படை 1025இல் ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது உண்மை. ஆனால் பாரூஸ் தமிழர்களைச் சோழப் படையின் எச்சம் என்று மேடைகளில் பேசுவது கல்லுக்குப் பொருந்தாத பேச்சு. இவர்கள் பிழைக்கப் போனவர்கள். ஓர் அமைப்பாகக் கூடி, தங்களுக்குள் அதிகாரிகளை வைத்து, வருபவர்களுக்கு நியாயம் வகுத்தவர்கள்.

ஐந்நூற்றுவர் என்ற பெருங்குழுவின் மூலத்தானம் கர்நாடகத்து அய்ஹொளே. அங்கிருந்து கன்னட, தெலுங்கு, தமிழ் நாடுகளிலும் இலங்கையிலும் பரவினார்கள். புனேயில் இருக்கிற நமக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. 12ஆம் நூற்றாண்டில் சிலாகார அரசர் ஆண்ட கொல்லாப்பூர், மிரஜ் பகுதிக் கல்வெட்டுகளிலும் இதே ஐந்நூற்றுவர் வருகிறார்கள். ஊருக்குப் போகும்போது மிரஜ் வழியாக ரயிலில் போகிறவர்கள் நம்மில் உண்டு; அந்தத் தடத்தில் 900 ஆண்டுகளுக்கு முன் பொதிமாடுகளோடு நடந்தவர்களின் கூட்டாளிகள்தான் வாரோசில் கல் நட்டார்கள்.

அத்தனை தொலைவு போக வைத்தது கற்பூரம். இது நாம் தட்டில் ஏற்றும் சூடம் இல்லை. சுமத்திரா மேற்குக் காட்டில் வானுயரம் வளரும் ஒரு மரத்தின் தண்டுக்குள், வெடிப்புகளில் பளிங்காக உறைந்து கிடப்பது. எல்லா மரத்திலும் இருக்காது. இருக்கிறதா என்று அறிய மரத்தை வெட்டித்தான் பார்க்க வேண்டும். பல மரம் வீணாகப் போகும். மலைக்காட்டில் வெட்டி எடுத்தவர்கள் பத்தாக் மக்கள், கரையில் வாங்கிக் கப்பலேற்றியவர்கள் வெளியார். 1077இல் சோழ நாட்டிலிருந்து சீனாவுக்குப் போன 72 பேர் கொண்ட தூதுக்குழு கொண்டுபோன பொருள்களில் கற்பூரமும் இருந்தது. சோழ மண்டலத்தில் விளையாத சரக்கு அது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தத் தீவில் தங்கிய மார்க்கோ போலோ, பன்சூர் கற்பூரம் எடைக்கு எடை பொன் பெறும் என்கிறார். பன்சூர் என்பது அரபியர் வழக்கு. பாரூஸ் பகுதிக்கே அந்தப் பெயர்.

கற்பூரத்தோடு இன்னொன்றும் கப்பலேறியது. சாம்பிராணி. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்த பிள்ளைக்கு நம் அம்மாமார்கள் போடுகிற புகை. அதைத் தரும் மரம் தபானூலி மலைகளில் இன்றைக்கும் வளர்க்கப்படுகிறது. மரத்தைக் கீறிப் பால் வடித்து எடுக்கிறார்கள்.

1995 முதல் 1999 வரை பிரெஞ்சு, இந்தோனேசிய ஆய்வாளர்கள், க்ளோத் கீயோ தலைமையில், லோபு துவாவில் அகழாய்வு நடத்தினார்கள். கிடைத்தவை பல நாட்டுச் சரக்குகள்: சீனப் பீங்கான், பாரசீக வளைகுடாப் பக்கத்து மெருகுப் பாண்டம், மேற்காசியக் கண்ணாடி, தென்னிந்திய இலங்கைத் தொடர்பு காட்டும் மண்பாண்டம். குடியிருப்பின் காலம் 9ஆம் நூற்றாண்டு நடுப்பகுதி முதல் 11ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 12ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை. அதாவது நம்மவர்கள் கல் நட்டபோது ஊருக்கு வயது 200க்கு மேல். கல் நட்டுச் சில ஆண்டுகளில், ஒரு தலைமுறை கழியும் முன்பே, ஊர் காலியாகிவிட்டது.

ஏன்? பாரூஸ் பக்கத்துப் பழங்கதையில், கெர்காசி என்ற பூதங்கள் வந்து தாக்கியதால் மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள் என்று வருகிறது. கடற்கொள்ளையோ, போரோ, வேறு பெரும் அழிவோ கதையாக மாறியிருக்கலாம். வாணிகம் நிற்கவில்லை, பக்கத்திலேயே புக்கிட் ஹசாங் என்ற இடத்துக்கு நகர்ந்து இன்னும் சில நூற்றாண்டுகள் நடந்தது. லோபு துவாவில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் கப்பலேறித் திரும்பினவா, அங்கேயே கலந்தனவா என்பதற்குக் கல்லிலும் பதில் இல்லை, மண்ணிலும் இல்லை.

இதற்குப் பிறகு வருவது பாரூஸின் மினாங்கபாவ் காலம். மினாங்கபாவ் கரையில் உள்ள தாருசானிலிருந்து வந்த ஒரு வம்சம் ஆற்றின் கீழ்ப்புறத்தில் ஆள, பத்தாக் தொடர்புடைய வம்சம் மேற்புறத்தில் ஆள, சின்ன ஊருக்கு இரண்டு ராஜாக்கள். இரு தரப்பும் தனித்தனியே குல வரலாறு எழுதி வைத்திருக்கின்றன. மலாய் மொழியின் பெருங்கவிஞரான சூஃபி ஞானி ஹம்சா பன்சூரியின் பெயரில் உள்ள பன்சூரும் இந்த ஊரே. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனி வந்தது. பிற்பாடு சிபோல்கா வளர, பாரூஸ் சுருங்கி மீன்பிடி ஊராகிவிட்டது.

தமிழர் அங்கே கலந்தார்கள் என்பதற்குச் சான்றாகப் பலர் காட்டுவது காரோ பத்தாக் மக்களில் உள்ள செம்பிரிங் குலம். அதன் உட்பிரிவுப் பெயர்களைக் கேட்டால் நம் காது நிமிரும்: சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா, பிராமணா, கெலிங். சோழ, பாண்டிய, பல்லவ, மலையாளப் பெயர்கள் மாதிரியே இருக்கின்றன. இறந்தவர் சாம்பலைச் சிறு படகில் வைத்து ஆற்றில் விடும் சடங்கும் அவர்களிடம் முன்பு இருந்தது. தொடர்பு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்பதே என் எண்ணமும். ஆனால் காரோ நாடு பாரூசுக்கு வடக்கே, மலைமேல். சுமத்திராவின் கிழக்குக் கரை வழியாகவும் தமிழர் அங்கே போயிருக்க முடியும். செம்பிரிங் மக்களெல்லாம் லோபு துவா செட்டியார்களின் பேரன் பேத்திகள் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நாம் எழுதிவிடக் கூடாது. அவர்கள் தங்களைக் காரோ என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

இன்று பாரூசுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் யாத்திரிகர்கள். மஹ்லிகாய், பாப்பான் திங்கி என்ற இடங்களில் பழைய கல்லறைகள் இருக்கின்றன. 2017 மார்ச்சில் அதிபர் ஜோகோ விடோடோ, தீவுகளுக்கு இஸ்லாம் வந்த தொடக்கப் புள்ளி என்று அங்கே ஒரு நினைவுச் சின்னத்தைத் திறந்து வைத்தார். தமிழ்க் கல் அந்த ஊரில் இல்லை. ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தின் உடைமையாகிவிட்டது. காட்டுக் கற்பூர மரமும் அருகிவிட்டது. நாம் வாங்கும் சூடம் பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்வது.

பெயர் மட்டும் அங்கே இன்னும் அன்றாடம் புழங்குகிறது. இந்தோனேசியாவில் எந்தக் கடையிலும் போய் 'காப்பூர் பாரூஸ்' கேட்டுப் பாருங்கள். எடுத்துத் தருவார்கள், துணி பெட்டியில் போடுகிற பாச்சை உருண்டையை.