திண்ணை இல்லாத கம்பி

1973 மே 22. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் உள்ள ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பாப் மெட்காஃப் ஒரு குறிப்பைத் தட்டச்சு செய்தார். கட்டடத்தில் உள்ள கணினிகளையெல்லாம் ஒரே கேபிளில் கோத்துவிடலாம் என்றது அந்தக் குறிப்பு. ஈத்தர்நெட் பிறந்தது அப்படித்தான். டேவிட் பாக்ஸுடன் சேர்ந்து அவர் அதை உருவாக்கிக் காட்டினார்.

ஹவாய்த் தீவுகளில் இயங்கிய அலோஹா வானொலி வலையிலிருந்து வந்த யோசனை அது. ஒருவர் பேசினால் எல்லோர் காதிலும் விழும். தன் எண் குறிக்கப்பட்ட செய்தியை மட்டும் ஒவ்வொரு கணினியும் எடுத்துக்கொள்ளும், மற்றதை விட்டுவிடும். விடாமல் எல்லாவற்றையும் கேட்க நினைத்த கணினியைத் தடுக்க எதுவும் இல்லை. தேவையும் இருக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்கள்.

பின்னால் அலுவலகங்களுக்குள் போன தடித்த மஞ்சள் கேபிளில் 2.5 மீட்டருக்கு ஒரு குறி இருக்கும். அங்கே துளையிட்டு ஊசி முனை உள்கம்பியைத் தொடும்படி கவ்வியை மாட்டினால் புதிய கணினி சேர்ந்துவிடும். ரத்தக்காட்டேரியை நினைத்து அதை ‘வேம்பயர் டேப்’ என்றார்கள். கம்பியைத் தொட்டவர் எல்லோருமே வீட்டார்.

1990-இல் தரப்படுத்தப்பட்ட முறுக்குக் கம்பி முறை இதை மாற்றியது. ஒவ்வொரு கணினியிலிருந்தும் தனிக் கேபிள் புறப்பட்டு நடுவிலுள்ள ஒரு பெட்டிக்கு வந்தது. கம்பி வலையின் வரலாற்றில் முதன்மையான திருப்பம் இதுதான் என்று சொல்லலாம். ஆளுக்கொரு வாசல் வந்த பிறகுதானே எந்த வாசலைச் சாத்துவது என்று யோசிக்க முடியும்? அதே ஆண்டில் கல்பனா என்ற நிறுவனம் ஏழு போர்ட் (செருகுதுளை) கொண்ட ஸ்விட்ச் என்ற நடுப்பெட்டியை விற்கத் தொடங்கியது. நோக்கம் வேகம்தான். ஆனால், ஒருவருக்கான செய்தி பெரும்பாலும் அவர் கேபிளில் மட்டுமே போனதால் பக்கத்துக் காதுகள் அடைபட்டன.

1998-இல் வி-லேன் தரம் வந்தது. செய்தியின் மேல் நான்கு பைட் சீட்டு ஒன்றை ஒட்டி, ஒரே ஸ்விட்சைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரிக்கும் ஏற்பாடு அது. 2001-இல், அடையாளம் காட்டினால் மட்டுமே போர்ட் திறக்கும் 802.1 எக்ஸ் வந்தது. இதற்குப் பின்னால் சரிபார்க்கும் சர்வர் வேண்டும்; அலுவலகத்துக்குச் சரி, வீட்டுக்குப் பாரம். அறிந்த மேக் முகவரிகளை, அதாவது கணினிகளின் எண்களை, மட்டும் அனுமதிக்கும் பட்டியல் எளிது. ஆனால் அந்த முகவரியை மென்பொருளால் மாற்றிவிடலாம் என்பதால் அதை நம்பி இருக்க முடியாது.

வீட்டுக்குள் ஆபத்து நடந்தே வரும் என்று 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் புழு காட்டியது. வெளியிலிருந்து அது வருவதை ரூட்டர் தடுத்துவிடும். தொற்றிய லேப்டாப்பை யாராவது உள்ளே கொண்டுவந்து செருகினால், பிழை திருத்தப்படாத விண்டோஸ் கணினிகளை அது நேராகத் தேடிப் பிடிக்கும். கொண்டுவந்தவருக்கே அது தெரியாது. விருந்தாளியைத் தனியே வைப்பது அவரைச் சந்தேகிப்பதாகாது.

அந்தக் காலத்தில் வீடுகளில் பரவலாக இருந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டரின் பின்னால் இணையத்துக்கு ஒரு போர்ட், வீட்டுக்கு நான்கு. பரவலாக விற்ற அதன் பதிப்புகளுக்குள் இருந்தது ஒரே ஸ்விட்ச் சில்லுதான். இணையத்தையும் வீட்டையும் பிரித்தது வி-லேன். பிரிக்கும் திறன் பெட்டிக்குள்ளேயே இருந்தும் வீட்டுக்காரர் கைக்கு அது எட்டவில்லை. உள்ளே இயங்கியது லினக்ஸ் என்பதால் அதன் மூலநிரல் 2003-இல் வெளியிடப்பட்டது. அதன்மேல் 2004-இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரூட்டர் மென்பொருள் எழுந்தது.

அதைக் கொண்டு ஆர்வலர்கள் கம்பிக்கு ஒரு திண்ணை கட்டினார்கள். நான்கில் ஒரு போர்ட்டைத் தனி வி-லேனுக்கு மாற்றி, அதற்கு வேறொரு முகவரி வரிசை கொடுத்து, இணையத்துக்குப் போகலாம், வீட்டுப் பக்கம் திரும்பக்கூடாது என்று ஃபயர்வாலில் விதி எழுதினார்கள். அந்த போர்ட்டில் சாதாரண ஸ்விட்ச் ஒன்றைச் செருகினால், அதில் இணையும் எல்லோரும் விருந்தாளிகளே.

வைஃபை விருந்தினருக்குத் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் இன்று சர்வசாதாரணம். பல வீட்டு ரூட்டர்களில் அந்த வசதி வைஃபையோடு நின்றுவிடுகிறது. பின்புறம் நான்கு துளைகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேபிளைச் செருகுபவர் நேரே கூடத்துக்கு வந்துவிடுகிறார்.