எடுத்துவிட்ட இரண்டு வரிகள்

சி மொழியில் நிரல் எழுதப் பழகும் எல்லோரும் ஒருநாள் இந்த எச்சரிக்கையைப் பார்த்திருப்போம்: மதிப்பு எதுவும் தராமலே ஒரு மாறியைப் பயன்படுத்துகிறாய் என்று கம்பைலர் சொல்லும். உடனே என்ன செய்வோம்? அறிவிக்கும் இடத்திலேயே ஒரு "= 0" போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். எச்சரிக்கை போயிடும். பிழை போச்சான்னு கேட்டால், அதுதான் சந்தேகம்.

1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய மொழி சி. அதில் குளோபல், ஸ்டாட்டிக் மாறிகள் பூஜ்ஜியத்தில் தொடங்கும். ஃபங்ஷனுக்குள் அறிவிக்கும் சாதாரண மாறிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. முன்பு அந்த நினைவக இடத்தில் என்ன குப்பை கிடந்ததோ அதுவே இருக்கலாம். ஒவ்வொரு அழைப்பிலும் துடைத்து வைத்தால் நேரம் வீண் என்பது கணக்கு. துடைக்கும் பொறுப்பு நம்முடையது.

இந்தக் குப்பையால் வந்த மிகப்பெரிய விபத்து, அதைச் சுத்தம் செய்யப் போனதால்தான் வந்தது என்பது வேடிக்கை.

2006-இல் டெபியன் லினக்ஸில் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தைப் பயன்படுத்தும் நிரல்களை வால்கிரைண்ட் கருவியில் ஓட்டினால், மதிப்பு தரப்படாத நினைவகம் பற்றிய புகார்கள் குவிந்தன. காரணம், ராண்டம் எண்களை உருவாக்கும் பகுதியில் இருந்த, பார்வைக்கு ஒரே மாதிரியான இரண்டு வரிகள். ஒன்று, அழைத்தவர் தந்த வெற்று பஃபரில் கிடந்ததையும் சேர்த்துக் கலக்கியது. அதை எடுத்தால் பெரிய நஷ்டமில்லை. மற்றது, உண்மையான ராண்டம் தரவு உள்ளே நுழையும் வாசல். பொதியைப் பராமரித்தவர் ஓப்பன்எஸ்எஸ்எல் தரப்பிடம் கேட்டும் பார்த்தார். தெளிவான மறுப்பு வரவில்லை. செப்டம்பரில் இரண்டு வரிகளும் போயின. புகார்களும் நின்றன.

பிறகு மிஞ்சியது பிராசஸ் எண் மட்டுமே. அதன் வழக்கமான உச்சவரம்பு 32,768. அதாவது, ஒரே வகை கணினியில், ஒரே வகை, ஒரே நீளச் சாவி என்றால் சுமார் முப்பத்திரண்டாயிரம் சாவிகள்தான் உருவாக முடியும். எல்லாவற்றையும் முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பூட்டில் போட்டுப் பார்த்துவிடலாம்!

லூசியானோ பெல்லோ இதைக் கண்டுபிடிக்க, 2008 மே 13 அன்று டெபியன் அறிவித்தது. உபுண்டுவும் இதில் மாட்டியிருந்தது. பொதியைப் புதுப்பித்தால் மட்டும் போதவில்லை. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டுக்கு மேலான காலத்தில் அந்தக் கணினிகளில் உருவான எஸ்எஸ்ஹெச் சாவிகள், சான்றிதழ்கள் எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று.

நம் சின்ன நிரலுக்கும் இதே பாடம்தான். கூட்டுத்தொகைக்கு 0 சரியான தொடக்கம். ஆனால் வகுப்பின் மிகக் குறைந்த மதிப்பெண்ணைத் தேடும் மாறிக்கு 0 போட்டால், எல்லோரும் 40-க்கு மேல் வாங்கியிருந்தாலும் விடை 0 என்றுதான் வரும். அங்கே முதல் மாணவரின் மதிப்பெண்ணில் தொடங்க வேண்டும். ஸ்விட்ச்சில் ஒரு வழியை மறந்திருந்தால், எழுத வேண்டியது அந்த வழியை. அதை 0 வைத்து மூடக் கூடாது.

எச்சரிக்கை வந்தால், "இதை எப்படி நிறுத்துவது?" என்பதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது: இந்த இடத்தில் என்ன மதிப்பு இருந்திருக்க வேண்டும்?