ராக்கெட்டும் வாணமும்

'ராக்கெட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் யாதென வினவினால், பள்ளிச் சிறுவனும் வானை நோக்கிக் கை நீட்டுவான். அதே சொல் ஆங்கிலத்தில் ஒரு கீரைக்கும் பெயராக வழங்கிவருவதைப் பலர் அறியார். கடுகின் இனத்தைச் சார்ந்ததும் காரமும் கசப்பும் கலந்ததுமான அக்கீரையை அரபு மக்கள் 'ஜிர்ஜீர்' என்பர். வளைகுடா நாடுகளுக்குப் பொருள் தேடிச் சென்று திரும்பிய நம்மவர், அதை அங்குள்ள அங்காடிகளில் கட்டுக்கட்டாய்க் கண்டிருப்பர்.

கீரைக்கும் கணைக்கும் என்ன உறவு? ஓர் உறவும் இல்லை. கீரையின் பெயர் இலத்தீனத்து 'எரூக்கா'விலிருந்து பிறந்து, இத்தாலியிலும் பிரான்சிலும் உருமாறி ஆங்கிலத்தை அடைந்தது. கணையின் பெயரோ இத்தாலிய 'ரொக்கா'வின் வழி வந்தது. பெண்டிர் பஞ்சைச் சுற்றி வைத்து நூல் நூற்கும் கோலுக்கு அது பெயர். நீண்ட தண்டின் தலையில் பருத்த உருளை. வடிவத்தில் இரண்டும் ஒத்திருந்தமையால் 'சிறு நூற்கோல்' எனக் கணைக்குப் பெயரிட்டனர். வெவ்வேறு ஊரிலிருந்து புறப்பட்ட வழிப்போக்கர் இருவர் ஒரே பெயரோடு ஒரே சத்திரத்தில் தங்கியது போன்றதே இது.

அரபு மொழியில் இக்குழப்பம் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் போர்க்கலை நூல் யாத்த ஹசன் அர்ரம்மாஹ் இவ்வகைக் கணையைச் சீனத்து அம்பு என்னும் பொருளில் 'ஸஹ்முல் கித்தாய்' என்றார். இன்றைய அரபியர் 'ஸாரூக்' என்கின்றனர். கூவுதல், அலறுதல் என்னும் பொருளுடைய வேர்ச்சொல்லிலிருந்து அது கிளைத்தது. இத்தாலியன் கணையின் உருவைக் கண்டு பெயர் வைத்தான். அரபியனோ அதன் ஓசையைக் கேட்டு வைத்தான். நம் நாட்டார் அது பாயும் விரைவை நோக்கினர் போலும். வடமொழியில் அம்பைக் குறிக்கும் 'பாணம்', பாரசீக ஏடுகளில் 'பான்' என்றாயிற்று. தமிழில் 'வாணம்' என நின்றது.

இப்பெயர்களுள் எது நம் வரலாற்றுக்கு உரியது? விடை தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. சென்னையிலிருந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிப் பென்னலூர் இருக்கிறது. இன்று அதைச் சுற்றி எங்கும் தொழிற்கூடங்கள். இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் கார்கள் உருவாகின்றன. அவ்வூருக்கு நேர் மேற்கே, ஒரு நாள் நடைத் தொலைவில் உள்ள சிற்றூர் புள்ளலூர். ஆங்கிலேயர் ஏடுகளில் அது 'பொல்லிலூர்' எனச் சிதைந்து கிடக்கிறது.

1780ஆம் ஆண்டு ஜூலையில் ஹைதர் அலி கர்நாடகச் சீமைக்குள் புகுந்தார். அவரைத் தடுக்கக் கர்னல் பெயிலி குண்டூரிலிருந்து படையுடன் தெற்கே வந்தார். ஹெக்டர் மன்றோ காஞ்சியில் காத்திருந்தார். கொசஸ்தலையாற்றின் வெள்ளம் பெயிலியைப் பல நாள் கரையிலேயே நிறுத்திற்று. செப்டம்பர் 6ஆம் நாள் பேரம்பாக்கத்தருகே திப்பு அவரை எதிர்கொண்டார். 9ஆம் நாள் இரவு காஞ்சி நோக்கி நடந்த பெயிலி இடையில் தங்கியதே வினையாயிற்று. மறுநாட் காலை புள்ளலூரில் தந்தையும் மைந்தரும் அப்படையை வளைத்துக்கொண்டனர். மருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின, படை குலைந்தது. பெயிலி சிறைப்பட்டு, 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே மாண்டார். மன்றோவோ பெரும் பீரங்கிகளைக் காஞ்சியில் ஒரு குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார்.

அவ்வண்டிகளைக் கொளுத்தியது மைசூர் வாணமே என மேடைகளில் முழங்குவோர் உளர். வாணம் அப்போரில் பாய்ந்தது மெய். ஆனால் வண்டிகளில் தீப்பற்றியது பீரங்கிக் குண்டாலா வாணத்தாலா என்பதில் ஆசிரியர்கள் ஒருமித்திலர். வெற்றிக்கு ஐயமில்லாதபோது, ஐயமுள்ள ஒன்றை அதற்கு அணிகலனாகப் பூட்டுவானேன்?

மைசூர் வாணத்தின் மெய்யான பெருமை வேறோரிடத்தில் உள்ளது. அந்நாளில் ஐரோப்பியர் கணைக்குத் தாள் அட்டைக் குழல்களைக் கையாண்டனர். மைசூரார் இரும்புக் குழலில் மருந்தை இடித்துச் செறித்தனர். இரும்பு மிகுந்த அழுத்தத்தைத் தாங்குமாதலால் கணை நெடுந்தூரம் பாய்ந்தது. திசை பிறழாதிருக்க மூங்கிற் கழியை வாலாகக் கட்டினர். சிலவற்றில் வாளையும் பிணைத்தனர். 1799இல் திப்பு வீழ்ந்தபின் அக்கணைகள் இங்கிலாந்தின் ஊல்விச் ஆயுதச்சாலையை அடைந்தன. வில்லியம் காங்கிரீவ் அங்கே ஆய்ந்து சமைத்த கணைகள் 1807இல் கோபன்ஹேகன் நகரை எரித்தன. கணைக்குப் புதிதாய் 'காங்கிரீவ் ராக்கெட்' என்னும் பெயரும் வந்து சேர்ந்தது.

பொருள் இங்கிருந்து கப்பலேறிற்று. பெயர் அங்கிருந்து வந்திறங்கிற்று. இன்று நம் பாடநூல்கள் 'திப்புவின் ராக்கெட்' என எழுதுகின்றன. தூய தமிழ் விரும்புவோர் அதனை 'ஏவுகணை' என மாற்றுகின்றனர். விண்வெளி ஊர்திக்கு ராக்கெட் என்னும் பெயர் இருக்கட்டும். தும்பாவில் 1963இல் பறந்ததை வாணம் என்றால் எவரும் நகைப்பர். ஆனால் புள்ளலூரில் பறந்தது வாணமே. அதை ஏந்தியவன் 'பான்' என்றான். அது தலைமேற் சீறிச் சென்றபோது வயற்புறத்தில் நின்ற தமிழ்க் குடியானவன் அறிந்திருக்கக்கூடிய சொல்லும் வாணமே. வழக்கிலிருக்கும் சொல்லை விடுத்து, மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பை நாடுவது எற்றுக்கு?

அச்சொல் இறந்துவிடவும் இல்லை. நாகூர்க் கந்தூரியிலும் கோயில் திருவிழாக்களிலும் இரவு வானில் எரிந்து பூப்பதை இன்றும் மக்கள் வாணவேடிக்கை என்றே அழைக்கின்றனர்.