கொதிகலன் ஆலையில் பிறந்த ஸ்கேன்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் "பொம்மசந்திரா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிட்டாங்க" என்றால் பெரும்பாலும் இதய விஷயம்தான். 2000-இல் டாக்டர் தேவி ஷெட்டி தொடங்கிய நாராயண ஹிருதயாலயா, பெங்களூருவை ஒட்டிய அந்தப் பொம்மசந்திராவில்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் பிறக்காத பிள்ளைக்காகவும், அஞ்சாம் மாச ஸ்கேன் ரிப்போர்ட்டும் கையுமாக வருகிறார்கள்.

மருத்துவமனையைச் சுற்றித் தொழிற்பேட்டை. பொருத்தம்தான், அந்த ஸ்கேன் பிறந்ததே ஓர் ஆலையில். 1955 ஜூலையில் கிளாஸ்கோ மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், அறுவை செய்து எடுத்த கட்டிகளை இரண்டு கார்களின் டிக்கியில் ஏற்றிக்கொண்டு, ரென்ஃப்ரூவிலிருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கொதிகலன் ஆலைக்குப் போனார். இரும்பில் விரிசல் பார்க்கும் ஒலியலைக் கருவியைக் கட்டிகள்மேல் வைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சியும் இருந்தது! நீர்க்கட்டி ஒரு மாதிரி எதிரொலித்தது, சதைக்கட்டி வேறு மாதிரி. பொறியாளர் டாம் பிரவுன், மருத்துவர் ஜான் மக்விகாருடன் அவர் எழுதிய கட்டுரை 1958-இல் 'லான்செட்'டில் வந்தது. டொனால்டே இதய நோயாளி. மூன்று முறை பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்.

கருவின் இதயம் பிடிபட இன்னும் இருபதாண்டுகள் ஆயின. அஞ்சாம் மாதத்தில் அது திராட்சை அளவுதான். அதுவும் துடித்துக்கொண்டே இருக்கும். 1980 வாக்கில் லண்டனில் லிண்ட்சி ஆலன் போன்றோர் அதன் நான்கு அறைகளையும் திரையில் பார்த்தார்கள். இடப்பக்கம் வளராத இதயம் என்றால் அன்றைக்குக் கதை முடிந்தது. சில ஆண்டுகளிலேயே பாஸ்டனில் அறுவை மருத்துவர் நார்வுட், படிப்படியாகச் செய்யும் அறுவைக்கு வழி காட்டினார்; இன்று அது மூன்று கட்டம். படம் அதேதான், பதில் மாறிவிட்டது. மருத்துவரின் நம்பிக்கை இப்படி அறுவை அரங்கில் வளர்கிறது. "பொழைக்குமா டாக்டர்?" என்ற கேள்விக்கு "மூணு ஆபரேஷன்" என்பது பாதிப் பதில்தான்; அந்த மூன்றையும் பிள்ளை தாண்டுமா என்பது மீதி.

பிழைக்காது என்றால் கலைக்கலாமா என்பதில் நம் சட்டம் பின்தங்கியே வந்தது. 1971 சட்டப்படி கருக்கலைப்புக்கு 20 வாரம்தான் எல்லை. இதயம் தெளிவாகத் தெரிவதோ 18 முதல் 22 வாரத்தில். 2008-இல் அந்த எல்லையைத் தாண்டி, கருவின் இதயக் கோளாற்றோடு வந்த மும்பைத் தம்பதியை உயர் நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. 2021 திருத்தத்துக்குப் பிறகு, கடுமையான குறைபாடு என்று மருத்துவ வாரியம் சொன்னால் வார வரம்பு இல்லை. மகப்பேறு, குழந்தை, ஸ்கேன் மருத்துவர்கள் வாரியத்தில் உண்டு. வலி தணிப்பு மருத்துவரைச் சட்டம் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. பெரிய குறை என்பேன். கலைக்க மனமில்லாமல் சுமப்பவர்களும் இருக்கிறார்களே, அவர்களுக்குத்தான் அந்த மருத்துவர் வேண்டும்.

அஞ்சாம் மாச ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். இதயத்தில் சந்தேகம் என்றால் கருவுக்கு எக்கோ எடுக்கச் சொல்லுங்கள். பிழைக்காது என்று சொன்னாலும் எழுந்து வந்துவிடாதீர்கள். பிறந்தால் வலி தெரியாமல் பார்த்துக்கொள்வீர்களா, மடியில் தருவீர்களா என்று கேளுங்கள்.